வாளிக்குள் எத்தனை டிகிரி? – வாசகர் கேள்வி பதில்

வீட்டிலேயே பியர் தயாரிக்கும் வாசகர்களிடமிருந்து வந்திருக்கும் கடிதங்களில் பெரும்பாலானவை, நொதித்தலின்போது வெப்பநிலையை எப்படிக் கட்டுக்குள் வைப்பது என்ற ஒரே விஷயத்தையே வெவ்வேறு சொற்களில் கேட்கின்றன. ஆகவே இந்த முறை பக்கம் முழுவதையும் அதற்கே ஒதுக்கியிருக்கிறேன். வீட்டில் பியர் தயாரிப்பதற்கான சட்டம் நாட்டுக்கு நாடு வேறுபடும்; சில இடங்களில் அனுமதி உண்டு, சில இடங்களில் அறவே கூடாது. தாம் வசிக்கும் இடத்தில் அனுமதி உண்டா என்பதை உறுதி செய்துகொண்ட பிறகே அடுப்பைப் பற்றவைக்க வேண்டும் என்று முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கீழே குறிப்பிடும் டிகிரிகள் எல்லாம் செல்சியஸ் அளவே.

கேள்வி: என் அறையில் ஏசி இரவு பகலாக 20 டிகிரியில் ஓடுகிறது. நான் பயன்படுத்திய ஏல் (மிதமான சூட்டில் நொதிக்கும் பியர் வகை) ஈஸ்ட்டுக்கு அது பொருத்தமான வெப்பநிலை என்றே படித்திருக்கிறேன். 20 லிட்டர் தயாரித்தேன். சுத்தத்திலும் குறை வைக்கவில்லை. ஆனால் பியரில் வாழைப்பழ வாசனையும், நெயில் பாலிஷ் போன்ற ஒரு நெடியும், விழுங்கும்போது தொண்டையில் ஒரு காந்தலும் இருக்கின்றன. வெப்பநிலை சரியாக இருந்தும் ஏன் இப்படி ஆயிற்று?

பதில்: உங்கள் அறையின் வெப்பநிலை சரியாகத்தான் இருந்திருக்கிறது. வாளிக்குள் எத்தனை டிகிரி இருந்தது என்பதை நீங்கள் அளந்ததாகக் கடிதத்தில் ஓரிடத்திலும் இல்லை. அங்கேதான் விடை இருக்கிறது.

ஈஸ்ட் சர்க்கரையைத் தின்று ஆல்கஹாலாகவும் கரியமில வாயுவாகவும் மாற்றும்போது வெப்பத்தை வெளியிடுகிறது. அது எவ்வளவு என்பதைக் கணக்கிட்டுப் பார்த்தால்தான் விஷயத்தின் கனம் புரியும். தொடக்க அடர்த்தி (தண்ணீரை 1 என்று கொண்டால்) 1.048 உள்ள 20 லிட்டர் வோர்ட்டில், அதாவது பியராக நொதிக்கப்போகும் இனிப்பான தானியச் சாற்றில், கரைந்திருக்கும் பொருள் சுமார் இரண்டரை கிலோ. அதில் ஈஸ்ட் உண்மையில் நொதிக்க வைப்பது ஏறத்தாழ 1.6 கிலோ. ஒரு கிலோ நொதித்தால் 600 கிலோஜூலுக்குச் சற்றுக் குறைவான வெப்பம் வெளியாகும். இந்த வெப்பத்தில் துளியும் வெளியேறாமல் வாளிக்குள்ளேயே தங்கிவிடும் என்று வைத்துக்கொண்டால், வோர்ட்டின் வெப்பநிலை 11 டிகிரி ஏறிவிடும். நடைமுறையில் வாளியின் சுவர் வழியாக வெப்பம் கசிந்துகொண்டே இருப்பதால் அந்த அளவுக்குப் போவதில்லை. ஆனாலும் நொதித்தல் உச்சத்தில் இருக்கும் இரண்டாம், மூன்றாம் நாட்களில், காற்றோட்டமில்லாத மூலையில் வைத்த 20 லிட்டர் வாளி, அறையைவிட 3 முதல் 5 டிகிரி வரை கூடுதலாக இருப்பது மிகச் சாதாரணம். உங்கள் வோர்ட் 24 அல்லது 25 டிகிரியில் நொதித்திருக்கும் என்றே நினைக்கிறேன்.

இன்னொன்றையும் விசாரிக்க வேண்டும். கொதித்த வோர்ட்டைக் குளிரவைத்து ஈஸ்ட் தூவியபோது அது எத்தனை டிகிரியில் இருந்தது? கையால் வாளியைத் தொட்டுப் பார்த்து, சூடு தெரியவில்லை என்று ஈஸ்ட்டைச் சேர்த்துவிடுகிறவர்கள் பலர். கைக்குச் சூடு தெரியாத வோர்ட் 30 டிகிரியிலும் இருக்கலாம். அந்தச் சூட்டில் தொடங்கும் ஈஸ்ட் வேகமாகப் பெருகும். பெருகும்போது வெளியிடும் வெப்பம் அதன் வேகத்தை மேலும் கூட்டும். அறையின் 20 டிகிரி காற்றால் அதை இழுத்துப் பிடிக்க முடியாது.

இந்தப் பெருக்கக் கட்டத்தில்தான், அதாவது முதல் இரண்டு மூன்று நாட்களில்தான், பியரின் மணமும் சுவையும் பெரும்பாலும் தீர்மானமாகின்றன. வாழைப்பழ வாசனைக்குக் காரணமான ஐசோஅமைல் அசிடேட், நெயில் பாலிஷ் நெடிக்குக் காரணமான எத்தில் அசிடேட் ஆகிய எஸ்டர்களும், தொண்டையைக் காந்தவைக்கும் ஃப்யூசல் ஆல்கஹால்களும் ஈஸ்ட் தன் இனத்தைப் பெருக்கும் வேலையோடு சேர்ந்து உண்டாகிறவை. சூடு கூடக் கூட இவற்றின் அளவும் கூடும். பவேரியக் கோதுமை பியருக்கு வாழைப்பழ மணம் அழகு. அதற்கென்றே ஈஸ்ட் வகைகள் இருக்கின்றன. மற்ற ஏல்களில் அது இடறலாகவே தெரியும். பாட்டிலில் சில மாதம் இருந்தால் எஸ்டர் மணம் ஓரளவு மங்கும். ஃப்யூசல் போகாது. அடுத்த முறை வோர்ட்டை 17 டிகிரிக்கு இறக்கி ஈஸ்ட் சேருங்கள். அது தானாக 18, 19 வரை ஏறட்டும், அதற்கு மேல் ஏறாமல் மூன்று நாட்கள் பிடித்து நிறுத்துங்கள். அதன் பிறகு ஓரிரு டிகிரி ஏறினாலும் சுவை கெடாது. கடைசிச் சர்க்கரையை ஈஸ்ட் தின்று முடிக்க அந்தச் சிறு ஏற்றம் உதவவே செய்யும்.

கேள்வி: பழைய ஃபிரிட்ஜ் ஒன்றையும், வெளியே பொருத்தும் டிஜிட்டல் கன்ட்ரோலர் ஒன்றையும் வாங்கியிருக்கிறேன். அதன் சென்சார் முனையை ஃபிரிட்ஜுக்குள் தொங்கவிட வேண்டுமா, பியருக்குள் போட வேண்டுமா, வாளியின் மேல் ஒட்ட வேண்டுமா? ஆளுக்கொன்று சொல்கிறார்கள்.

பதில்: வாளியின் வெளிச்சுவரில், திரவத்தின் உயரத்துக்குப் பாதி அளவில் ஒட்டுங்கள். சென்சாரின் உலோக முனை சுவரோடு முழுமையாகப் படிந்திருக்க வேண்டும். அதன் மேல் இரண்டு விரல் தடிமனுள்ள ஃபோம் துண்டை வைத்து மூடி, வாளியைச் சுற்றி வரும்படி டேப் ஒட்ட வேண்டும். ஃபோம் இல்லாவிட்டால் சென்சாரின் ஒரு பக்கம் வாளியையும் மறுபக்கம் ஃபிரிட்ஜின் குளிர்ந்த காற்றையும் தொட்டுக்கொண்டிருக்கும். அது காட்டும் எண் இரண்டுக்கும் நடுவில் எங்கோ இருக்கும். நொதித்தல் மும்முரமாக நடக்கும்போது மேலே எழும் குமிழிகள் வோர்ட்டைத் தொடர்ந்து கலக்கிக்கொண்டே இருப்பதால், சுவரோரத் திரவத்துக்கும் நடுவிலுள்ள திரவத்துக்கும் பெரிய வேறுபாடு இருக்காது.

இதை நான் பட்டுத் தெரிந்துகொண்டேன். ஒரு முறை, நொதித்தல் தொடங்கிய இரண்டாம் நாள் காலையில் ஃபிரிட்ஜைத் திறந்தபோது, கன்ட்ரோலரின் திரையில் 18.0 என்று அமைதியாக எரிந்துகொண்டிருந்தது. ஆனால் வாளியின் பக்கவாட்டில் ஒட்டியிருந்த பட்டை வெப்பமானியில் 23க்கு நேரே பச்சைக் கட்டம் ஒளிர்ந்தது. குனிந்து பார்த்தேன். சுவரில் கோத்திருந்த ஈரத்தில் டேப் நனைந்து பிரிந்து, சென்சார் தன் கம்பியின் நுனியில் காற்றில் ஊசலாடிக்கொண்டிருந்தது. கன்ட்ரோலர் தன் வேலையைச் சரியாகவே செய்திருந்தது; ஃபிரிட்ஜுக்குள் இருந்த காற்றை 18 டிகிரியில் வைத்திருந்தது. அதன் நடுவே உட்கார்ந்திருந்த வோர்ட் ஐந்து டிகிரி மேலே போயிருந்தது. அன்றிலிருந்து வாளியைத் துணியால் ஈரம் போகத் துடைத்த பிறகே டேப் ஒட்டுகிறேன். அதன் மேல் ஒரு வார்ப்பட்டையையும் இறுக்கிக் கட்டுகிறேன். இரண்டாவதாக ஒரு வெப்பமானி இல்லாமல் எந்த வாளியையும் உள்ளே வைப்பதில்லை.

மூடியின் வழியாக உள்ளே இறங்கும் ஸ்டீல் குழாய்க்குள் சென்சாரை விடும் முறையும் உண்டு. அது திரவத்தின் நடுவெப்பத்தைக் காட்டும், உண்மைதான். ஆனால் நடுப்பகுதி 18க்கு இறங்கியதைச் சென்சார் உணர்ந்து கம்ப்ரஸரை நிறுத்துவதற்குள் சுற்றியுள்ள காற்று மிகவும் குளிர்ந்திருக்கும். நிறுத்திய பிறகும் அந்தக் குளிர் வோர்ட்டுக்குள் இறங்கிக்கொண்டே இருக்கும். முதன்முறை பயன்படுத்துகிறவருக்குச் சுவரில் ஒட்டுவதே போதும் என்பது என் கருத்து.

கன்ட்ரோலரில் இரண்டு அமைப்புகளைக் கவனியுங்கள். குறித்த எண்ணிலிருந்து எவ்வளவு விலகினால் ஃபிரிட்ஜ் ஓட வேண்டும் என்பதை அரை டிகிரி என்று வையுங்கள், 0.1 என்று வைத்தால் ஃபிரிட்ஜ் ஓயாமல் ஓடி ஓடி நிற்கும். கம்ப்ரஸர் நின்ற பிறகு மறுபடி ஓடுவதற்கான இடைவெளியை 5 நிமிடமாக வையுங்கள். குழாய்களில் அழுத்தம் சமநிலைக்கு வருமுன் மீண்டும் ஓடத் தொடங்கினால் மோட்டார் திணறிச் சீக்கிரம் பழுதாகும். இரவில் அறை மிகவும் குளிரும் இடமானால், கன்ட்ரோலரின் வெப்பப் பக்கத்தில் குறைந்த வாட் திறனுள்ள ஹீட் பெல்ட் ஒன்றைச் செருகி வைக்கலாம்.

ஒரு எச்சரிக்கை. மேலே சொன்ன 20 லிட்டர் வோர்ட் மொத்தமாக 400 லிட்டர் அளவுக்குக் கரியமில வாயுவை வெளியிடும். மேல்பக்கம் திறக்கும் ஃபிரீசரில் நொதிக்க வைப்பவர்கள், மூடியைத் திறந்தவுடன் தலையை உள்ளே விடக்கூடாது. காற்றைவிட எடை கூடிய அந்த வாயு அடியில் குளம்போல் தேங்கி நிற்கும். மூக்கில் சுரீரென்று குத்துவதோடு, தொடர்ந்து சுவாசித்தால் மயக்கமும் வரும்.

கேள்வி: தனி ஃபிரிட்ஜ் வைக்க என்னிடம் இடமில்லை. தண்ணீர்த் தொட்டியில் வாளியை வைத்தால் போதும் என்கிறார்களே, அது உண்மையிலேயே பலன் தருமா?

பதில்: பலன் தரும், கவனமும் உழைப்பும் கூடுதலாகக் கேட்கும். அகலமான தொட்டியில் வாளியை நிறுத்தி, வோர்ட்டின் மட்டத்துக்குப் பாதிக்கு மேல் தண்ணீர் நிரப்புங்கள். காற்றைவிடத் தண்ணீர் வெப்பத்தை வேகமாக வாங்கிக்கொள்ளும் என்பதால், வாளிக்குள் எழும் சூடு உடனுக்குடன் வெளியேறும். தவிர, 20 லிட்டர் வோர்ட்டும் 20 லிட்டர் தண்ணீரும் சேர்ந்து 40 லிட்டராகிவிடுவதால், பகலுக்கும் இரவுக்கும் இடையிலான ஏற்ற இறக்கமும் தணிந்துவிடும்.

அடுத்த படி ஐஸ். ஒரு லிட்டர் பாட்டிலில் முக்கால் பங்குக்குச் சற்று மேல் தண்ணீர் நிரப்பி உறையவையுங்கள். உறையும்போது தண்ணீர் ஏறத்தாழ 9 சதவீதம் விரிவதால் கழுத்து வரை நிரப்பக் கூடாது. ஒரு கிலோ ஐஸ் முழுவதும் உருகி, அந்த நீர் 18 டிகிரிக்கு வரும்வரை உறிஞ்சும் வெப்பம், மேற்சொன்ன 40 லிட்டரை இரண்டு முதல் இரண்டரை டிகிரி வரை இறக்கும். இந்த ஒரு கணக்கு கையில் இருந்தால் எத்தனை பாட்டில் போட வேண்டும் என்று தடுமாற வேண்டியதில்லை. காலையில் ஒன்று, மாலையில் ஒன்று என்று முதல் மூன்று நாட்கள் மாற்றுங்கள். போடுவதற்கு முன்பும், போட்ட மூன்று மணி நேரத்துக்குப் பிறகும் வாளியின் வெப்பநிலையைக் குறித்து வையுங்கள். ஒரே நேரத்தில் நான்கைந்தைக் கொட்டிவிட்டால் வெப்பநிலை சட்டென்று சரியும்; ஈஸ்ட் வேலையை நிறுத்திக்கொண்டு அடியில் படிந்துவிடும்.

வாளியின் மேல் பருத்தித் துணியைப் போர்த்தி, அதன் நுனிகள் தண்ணீரில் தோய்ந்திருக்கும்படி விட்டு, எதிரே மின்விசிறி வைப்பதும் நல்ல வழி. துணி நீரை மேலே இழுக்கும், காற்று அதை ஆவியாக்கும், ஆவியாகும் நீர் வெப்பத்தைக் கொண்டு போகும். காற்று வறண்டிருந்தால் இதிலேயே பல டிகிரி இறங்கிவிடும். ஈரம் நிறைந்த காற்றில் ஒரு டிகிரி இறங்குவதே அரிது. உங்கள் அறையில் ஈரத்துணி எவ்வளவு நேரத்தில் காய்கிறது என்று பாருங்கள். இந்த முறை உங்களுக்கு உதவுமா என்பதை அதிலிருந்தே ஊகித்துவிடலாம். மூன்று நான்கு நாளில் தொட்டித் தண்ணீரில் நாற்றம் வரும், மாற்றிவிடுங்கள்.

கேள்வி: ஈஸ்ட் பாக்கெட்டில் எட்டு டிகிரி இடைவெளி விட்டு ஒரு வரம்பு அச்சிட்டிருக்கிறார்கள். அதில் எந்த எண்ணைப் பிடிப்பது? குளிரில் நொதிக்க வைக்கும் லாகர் பியருக்கான ஈஸ்ட்டை ஏல் போலச் சூட்டில் நொதிக்க வைத்தால் என்ன?

பதில்: அந்த வரம்பு, ஈஸ்ட் பழுதில்லாமல் வேலை செய்யும் எல்லையைக் காட்டுகிறது. சுத்தமான, மால்ட்டும் (முளைகட்டி உலர்த்திய தானியம்) ஹாப்ஸும் (பியருக்குக் கசப்பு தரும் பூ) மட்டுமே தெரியும் சுவை வேண்டுமென்றால் அதன் கீழ்ப்பாதியில் நில்லுங்கள். பழ மணம் வேண்டுமென்றால் நடுவுக்கு வாருங்கள். மேல் எல்லையில் தொடங்காதீர்கள், ஏனென்றால் நொதித்தல் வெளியிடும் வெப்பம் உங்களை அதற்கும் மேலே தூக்கிச் சென்றுவிடும்.

ஏல் ஈஸ்ட்டும் லாகர் ஈஸ்ட்டும் வெவ்வேறு இனங்கள். ஏல் ஈஸ்ட் 18 முதல் 20 டிகிரியில் நன்றாக வேலை செய்யும். லாகர் ஈஸ்ட், அந்த ஏல் இனமும் குளிரைத் தாங்கும் ஒரு காட்டு ஈஸ்ட்டும் கலந்து பிறந்த கலப்பினம். அந்தக் காட்டு ஈஸ்ட்டைத் தென் அமெரிக்காவின் படகோனியாக் காடுகளில் அடையாளம் கண்டதாக 2011இல் ஆய்வாளர்கள் அறிவித்தனர். அந்தக் குளிர் மரபு இருப்பதால்தான் லாகர் ஈஸ்ட் 8 முதல் 13 டிகிரியில் சோர்வில்லாமல் நொதிக்கிறது. குளிரின் அருமையைக் காரணம் தெரியாமலேயே முன்னோர் உணர்ந்திருந்தார்கள். பவேரியாவில் 1553ஆம் ஆண்டு ஆணை ஒன்று ஏப்ரல் 23 முதல் செப்டம்பர் 29 வரை பியர் காய்ச்சுவதையே தடை செய்தது. கோடையில் காய்ச்சிய பியர் கெட்டுப்போனதைக் கண்டுதான் அந்தத் தடை. கார்ல் வான் லிண்டே 1870களில் உருவாக்கிய குளிரூட்டும் இயந்திரத்தை முதலில் விரும்பி வரவேற்றவர்களில் பியர் ஆலைக்காரர்களும் இருந்ததில் வியப்பில்லை.

லாகர் ஈஸ்ட்டைச் சூட்டில் விட்டாலும் பியர் ஆகும்; சில வகைகள் 16, 17 டிகிரியில்கூட ஓரளவு சுத்தமாகவே நொதிக்கின்றன. எனினும் லாகரின் தெளிந்த சுவையைத் தேடுகிறவருக்கு 10 முதல் 12 டிகிரியே என் பரிந்துரை. இதற்கு நேர்மாறாக, நார்வேயின் பண்ணை வீடுகளில் தலைமுறைகளாகப் பாதுகாக்கப்பட்டுவந்த க்வைக் என்ற ஈஸ்ட் குடும்பம் 30 டிகிரிக்கு மேலும், சில வகைகளில் 40 வரையிலும்கூட, காந்தல் இல்லாமல் நொதிக்கும். குளிர்விக்க எந்த வசதியும் இல்லாதவர்கள் ஏல் ஈஸ்ட்டோடு போராடுவதைவிட க்வைக்கை எடுத்துக்கொள்வது புத்திசாலித்தனம்.

கேள்வி: 10 டிகிரியில் மூன்று வாரம் பொறுமையாக வைத்துத் தயாரித்த என் லாகரில் வெண்ணெய் வாசனை வருகிறது. வெப்பநிலை ஒரு டிகிரிகூட ஏறவில்லை. குளிரில் வைத்தும் குற்றமா?

பதில்: கடைசிவரை குளிரிலேயே வைத்ததுதான் காரணம். ஈஸ்ட் பெருகும்போது ஒரு பொருள் அதன் செல்லிலிருந்து கசிந்து பியரில் கலக்கிறது. அது மெல்ல மெல்ல டையசெட்டில் என்ற வெண்ணெய் மணமுள்ள பொருளாக மாறுகிறது. அப்படி மாறியதை ஈஸ்ட் மீண்டும் உறிஞ்சி மணமற்றதாக்கிவிடும். இந்த இரண்டு மாற்றங்களில் முதலாவது குளிரில் மிக மந்தமாக நடக்கும். அது முடிவதற்குள் ஈஸ்ட் உறங்கப் போய்விட்டால் டையசெட்டில் பியரிலேயே தங்கிவிடும். ஒரு லிட்டரில் 0.1 மில்லிகிராம் இருந்தாலே பலருடைய மூக்கு கண்டுபிடித்துவிடும்.

ஆகவே நொதித்தல் முக்கால் பங்கு முடிந்ததும், அதாவது இறுதி அடர்த்திக்கு இன்னும் சில புள்ளிகளே (ஒரு புள்ளி 0.001) இருக்கும்போது, வெப்பநிலையை 16 முதல் 18 டிகிரிக்கு உயர்த்தி இரண்டு மூன்று நாட்கள் வையுங்கள். இந்தக் கட்டத்தில் ஈஸ்ட் பெருகுவதில்லை என்பதால் எஸ்டர் கூடிவிடுமோ என்று அஞ்ச வேண்டாம். பிறகு சோதித்துப் பாருங்கள்: இரண்டு கண்ணாடிக் குவளைகளில் சிறிது பியர் எடுத்து மூடி, ஒன்றை 60 முதல் 70 டிகிரி வெந்நீரில் இருபது நிமிடம் நிறுத்தி, ஆறவைத்து, இரண்டையும் முகர்ந்து பாருங்கள். சூடாக்கியதில் வெண்ணெய் வாசனை எழுந்தால், கசிந்த பொருள் இன்னும் மீதமிருக்கிறது; மேலும் இரண்டு நாள் பொறுங்கள். இரண்டிலும் வாசனை இல்லையென்றால் தயங்காமல் 1 அல்லது 2 டிகிரிக்கு இறக்கி முதிரவிடலாம். உங்கள் பியர் இன்னும் வாளியில்தான் இருக்கிறது என்றால், இப்போதே 18 டிகிரிக்குக் கொண்டுவந்து, அடியில் படிந்த ஈஸ்ட்டை மெதுவாகக் கிளப்பிவிடுங்கள். தப்பிக்க வாய்ப்பு இருக்கிறது.

கேள்வி: நான்காம் நாளோடு குமிழி நின்றுவிட்டது. அடர்த்தி 1.022லேயே நிற்கிறது. முதல் மூன்று நாட்கள் அருமையாகப் பொங்கியது. புது ஈஸ்ட் போடட்டுமா?

பதில்: அவசரப்பட வேண்டாம். முதலில், அந்த அளவைத் திரவத்தில் மிதக்கவிட்டு அளக்கும் ஹைட்ரோமீட்டரில் எடுத்தீர்களா, ஒளி வளைவதை வைத்து அளக்கும் ரிஃப்ராக்டோமீட்டரில் எடுத்தீர்களா? ஆல்கஹால் உண்டான பிறகு ரிஃப்ராக்டோமீட்டர் கூடுதலாகவே காட்டும். ஹைட்ரோமீட்டர்தான் என்றால், பொங்கி முடிந்த வோர்ட் தன் சொந்தச் சூட்டை இழந்து ஒரே இரவில் நான்கு டிகிரி கீழே வந்திருக்கக்கூடும். குளிரில் சுருண்டு படியும் சுபாவமுள்ள ஈஸ்ட் வகைகள் அப்போது வேலையை விட்டுவிடும். 20, 21 டிகிரிக்கு ஏற்றுங்கள், மூடியைத் திறக்காமல் வாளியை மெல்லச் சுழற்றுங்கள், மூன்று நாள் கழித்து அளந்து பாருங்கள்.

கேள்வி: பாட்டிலில் அடைக்கும் முன் பியரை 2 டிகிரிக்குக் குளிர்வித்துத் தெளியவைத்தேன். நுரைக்காகப் பாட்டிலில் எவ்வளவு சர்க்கரை சேர்ப்பது என்ற கணக்கில் பியரின் வெப்பநிலையை 2 டிகிரி என்றே போட்டேன். பாட்டிலைத் திறந்தால் நுரையே இல்லை. வாயுவை வெளியே விட்டு, காற்றை உள்ளே விடாமல் தடுக்க மூடியில் பொருத்தும் ஏர்லாக்கில் இருந்த தண்ணீரும் பியருக்குள் இறங்கிவிட்டிருந்தது.

பதில்: இரண்டுக்கும் ஒரே காரணம்தான். குளிர்ந்த பியர் கூடுதலான வாயுவைக் கரைத்துக்கொள்ளக்கூடியது. ஆனால் நொதித்தல் முடிந்துவிட்டதால் புதிய கரியமில வாயு கிடைக்காது. வாளியின் மேற்பகுதியில் இருந்த வாயு சுருங்கியும் கரைந்தும் குறைய, வெளிக்காற்றின் அழுத்தம் ஏர்லாக்கின் தண்ணீரை உள்ளே தள்ளிவிட்டது. குளிர்விக்கும்போது ஏர்லாக்கில் சாதாரணத் தண்ணீர் வேண்டாம். வோட்கா போன்ற மதுவைச் சிறிதளவு ஊற்றுங்கள், உள்ளே போனாலும் கெடுதலில்லை.

சர்க்கரைக் கணக்கில் இட வேண்டியது, நொதித்தல் முடிந்த பின் பியர் எட்டிய மிக உயர்ந்த வெப்பநிலை. 20 டிகிரியில் முடிந்த பியரில், அதன் கொள்ளளவைப் போல் 0.86 மடங்கு வாயு கரைந்திருக்கும். 2 டிகிரி என்று போட்டதால் கணக்கு அதை ஒன்றரை மடங்குக்கு மேல் என்று எடுத்துக்கொண்டது. 2.4 மடங்கு வேண்டுமென்றால் 20 லிட்டருக்குச் சுமார் 120 கிராம் சர்க்கரை தேவைப்பட்டிருக்கும். நீங்கள் 65, 70 கிராம்தான் போட்டிருப்பீர்கள். அடைத்த பாட்டில்களை 20 டிகிரியில் இரண்டு வாரம் வைத்தீர்களா என்பதையும் பாருங்கள். இல்லையென்றால், மேலும் சர்க்கரை சேர்ப்பதற்கு முன் அந்த இரண்டு வாரத்தை முதலில் கொடுங்கள். பொறுக்காமல் சேர்த்தால் இரண்டு அளவுச் சர்க்கரையும் ஒன்றாக நொதித்துப் பாட்டில் வெடிக்கக்கூடும்.